புதுப்பிப்பு: கச்சேரி மேடையும் மிருதங்க விரல்களும்

சபாக் கச்சேரியில் நான் எடுத்த படங்களில் குறுக்கே பட்டை பட்டையாக நிழல் விழுந்ததைப் பற்றிச் சென்ற வாரம் கேட்டிருந்தேன். கேமராவில் பழுதில்லை, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரிந்த எல்இடி மேடை விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குவதும், ஓசை எழக்கூடாதென்று நான் படத்தை வரிவரியாகப் பதிவுசெய்யும் மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தியதுமே காரணம்.

நேற்று மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 85 மி.மீ. லென்ஸை அதிக ஒளி புக எஃப்/1.8 வரை திறந்து, கீர்த்தனையின்போது பாடகரை ஒரு மினுக்கலின் நேரமான 1/100 நொடியில் எடுத்தபோது பட்டைகள் அறவே இல்லை. மிருதங்கம் தனித்து வாசிக்கப்படும் தனி ஆவர்த்தனத்துக்கு அந்த வேகம் போதாது என்பதால் ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓவை 6400க்கு உயர்த்தி 1/500 நொடியில் எடுத்தேன். மெல்லிய பட்டை எஞ்சியிருந்தாலும், மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் கரிய வட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் ஆள்காட்டி விரலின் நகம்கூடத் தெளிவாகப் பதிந்திருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஷட்டர் ஓசை யாரையும் உறுத்தாதிருக்க, மிருதங்கம் முழங்கும் கணங்களிலும் கைதட்டலின்போதும் மட்டுமே அழுத்தினேன்.