தேனீப் படமும் செம்பனை வண்டும்
(மலேசியா, சுங்கை சிப்புட் குடும்பக் குழு)

கவிதா, காலை 8.10
சித்தப்பா, கைப்பேசியில் பொருத்தும் உருப்பெருக்கி லென்சை வைத்து, வாசல் துளசியில் வரும் நீலவரித் தேனீயைப் படமெடுத்துப் பார்க்கிறேன். நான் குனிவதற்குள் அது அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது. பிடித்துக் குளிர்பெட்டியில் சற்று நேரம் வைத்தால் அசையாது என்கிறார்களே, அப்படிச் செய்யலாமா?

சித்தப்பா, காலை 8.31
வேண்டாம் அம்மா. ஒரு படத்துக்காக அந்த உயிரை வருத்துவதில் எனக்குச் சம்மதமில்லை. விறைத்த தேனீ காலை மடக்கிக்கொள்வதால் படமும் உயிரற்றுத்தான் இருக்கும். அந்த இனத்து ஆண் தேனீக்கள் அந்தி சாய்ந்ததும் ஏதாவது ஒரு காய்ந்த காம்பைத் தாடையால் கவ்விக்கொண்டு அப்படியே உறங்கும். மாலையில் அந்தக் காம்பைப் பார்த்து வைத்துக்கொண்டு, விடிந்ததும் வெயில் ஏறுமுன் போ. அவ்வளவு அருகில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும் என்பதால், கண்ணைக் குறிவைத்து, உடம்பை மெல்ல முன்னும் பின்னும் சாய்த்தபடி தொடர்ச்சியாகப் பல படங்கள் எடு.

பெரியம்மா, காலை 9.02
கவிதா, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத்தின் பூவில் மொய்க்கும் சின்ன வண்டையும் எனக்காக எடுத்துக் கொடு. நாங்கள் தோட்டத்தில் இருந்தபோது, ஆண் பூவின் மகரந்தத்தை டால்கம் பவுடரோடு கலந்து, ஒவ்வொரு மரமாகப் போய்ப் பெண் பூவில் தூவுவோம். அந்த வண்டு வந்த பிறகுதான் அந்த வேலை நின்றது. அதன் முகத்தை நான் இதுவரை சரியாகப் பார்த்ததே இல்லை.

சித்தப்பா, காலை 9.20
அண்ணி, அது கேமரூனிலிருந்து 1981ஆம் ஆண்டு நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு. நீளம் நான்கு மில்லிமீட்டரைத் தாண்டாது. ஆண் பூங்கொத்திலேயே தின்று, அங்கேயே முட்டையிட்டுப் பெருகும். பெண் பூ விரியும்போது எழும் சோம்பு வாசனைக்கு அது தேடிப் போக, உடம்பில் ஒட்டிய மகரந்தமும் கூடவே போகிறது. நீங்கள் கையால் செய்ததை இத்தனை சிறிய உயிர் செய்கிறது என்பதை அருகிலிருந்து காட்டும் படம் நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். கவிதா, அதன் முதுகு பளபளக்கும். ஒளிவிளக்குக்கு முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்தால் வெளிச்சம் பரவி, முதுகின் கோடுகள் தெரியும்.

கவிதா, காலை 9.34
கட்டாயம் எடுக்கிறேன், பெரியம்மா. ஆண் பூ எது என்று எனக்கு அடையாளம் தெரியாதே?

பெரியம்மா, காலை 9.41
விரல் விரலாக நீண்டு, மஞ்சள் பொடி உதிர்வது ஆண் பூ. மட்டை முள் கிழிக்கும், நீளக்கைச் சட்டை போட்டுக்கொள். தோட்டத்தில் அனுமதி கேட்டுவிட்டு ஞாயிறு காலையில் வா, குட்டை மரமாகப் பார்த்து நானே காட்டுகிறேன்.