இயோசினோபில்கள் ஒழிந்தால் நோயும் ஒழியுமா?

கயல்விழி:
இயோசினோபில் மிகும் நோய்களில் அந்த வெள்ளணுவை ஒழிப்பதே சிகிச்சையின் இலக்காக இருக்க வேண்டும் என்பது என் வாதம். மெபோலிசுமாப் என்னும் எதிர்ப்பொருள் இன்டர்லூக்கின்-5 என்னும் நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால், இயோசினோபில்கள் எலும்பு மஜ்ஜையில் முதிர்வதும் நீடித்து வாழ்வதும் குறைகின்றன. பென்ராலிசுமாப் ஒருபடி மேலே செல்கிறது: அது இயோசினோபிலின் மேல் அந்தச் சமிக்ஞையைப் பெறும் ஏற்பியிலேயே ஒட்டுகிறது, அம்மருந்தின் சர்க்கரைத் தொடரில் ஃபியூகோஸ் என்னும் சர்க்கரை இல்லாததால் உடலின் நோயெதிர்ப்புச் செல்களான இயற்கைக் கொல்லி செல்கள் அம்மருந்தை இறுகப் பற்றி, இயோசினோபிலைக் கொன்றுவிடுகின்றன. கடுமையான இயோசினோபில் ஆஸ்துமாவில் இவ்விரு மருந்துகளும் திடீர்த் தீவிரமடைதலைக் குறைத்தது இதனால்தான்.

பொறையன்:
ஆஸ்துமாவைப் பற்றி நான் மறுக்கவில்லை. இயோசினோபில் மிகும் உணவுக்குழாய் அழற்சியில் உங்கள் வாதம் நிற்கவில்லை என்கிறேன். இந்நோயாளிகளிடம் நடத்தி 2024-இல் வெளியான மெசினா என்னும் மருந்துச் சோதனையில், 24 வாரங்களில் பென்ராலிசுமாப் பெற்றவர்களில் சுமார் 87 சதவீதத்தினருக்குத் திசுவிலிருந்த இயோசினோபில்கள் நிர்ணயித்த அளவுக்குக் கீழே இறங்கின. போலி மருந்து பெற்றவர்களில் இது ஏறத்தாழ 6.5 சதவீதம். ஆயினும் விழுங்குவதில் உள்ள சிரமம் போலி மருந்தைவிடக் குறையவில்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அஞ்சிச் சாப்பிடுகிற நோயாளிக்கு நுண்ணோக்கியில் தெரியும் வெற்றி என்ன ஆறுதல் தரும்?

கயல்விழி:
பல ஆண்டு அழற்சியால் தழும்பேறிக் குறுகிய குழாய் 24 வாரங்களில் நெகிழும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

பொறையன்:
அதே 24 வாரங்களில், வாரந்தோறும் டுபிலுமாப் பெற்றவர்களுக்கு விழுங்கும் சிரமம் குறைந்ததே! 2022-இல் அமெரிக்காவில் இந்நோய்க்கு ஒப்புதல் பெற்ற அம்மருந்து இயோசினோபிலைக் கொல்வதில்லை. இன்டர்லூக்கின்-4, 13 ஆகிய இரண்டின் சமிக்ஞைகளையும் தடுக்கிறது. அதனால் உணவுக்குழாயின் மேலடுக்குச் செல்கள் இயோசினோபில்களைத் திசுவுக்குள் அழைப்பது குறைகிறது. அந்த அடுக்கின் காப்புத்தன்மையும் தேறுகிறது. சிலருக்கு இரத்தத்தில் இயோசினோபில் எண்ணிக்கை தற்காலிகமாக உயர்வதும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு அது தோல்வியாகத் தோன்றும்.

கயல்விழி:
கால அளவு பற்றிய உங்கள் ஒப்பீட்டை ஏற்கிறேன். உணவுக்குழாயைப் பொறுத்தவரை என் கூற்றைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் இரத்தத்தில் இயோசினோபில்கள் நீடித்து மிகுந்து உறுப்புகளைப் பாதிக்கும் மிகை இயோசினோபில் நோய்த்தொகுதியில் அந்தச் செல்கள் உமிழும் நச்சுப் புரதங்கள் இதயத்தையே சிதைக்கக்கூடும். 2020-இல் மெபோலிசுமாப் அதற்கு ஒப்புதல் பெற்றது. அங்கே எண்ணிக்கையைக் குறைப்பதுதான் சிகிச்சை என்ற கருத்தில் மாற்றமில்லை.