அம்மா பிறந்த தோட்டத்துக்கு வழி தேடுகிறேன்

பினாங்கு நண்பர்களே, வணக்கம். நிபோங் திபால் பக்கம் அம்மா பிறந்த தோட்டத்தில் ஒரு சின்ன மாரியம்மன் கோயில் இருந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை எப்போதோ இடித்துவிட்டார்கள். அம்மாவுக்கு 74 வயது. ஒருமுறையாவது அங்கே போய் விளக்கேற்ற வேண்டும் என்கிறார்.

கூகுள் மேப்ஸ் செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் எங்கும் செம்பனை, மேலிருந்து வரிசை வரிசையாய் நட்சத்திரம் போல. நடுவே ஒரு சிவப்புக் கூரை. அதுதான் கோயில் என்று அம்மா அடித்துச் சொல்கிறார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து வைத்திருக்கிறேன். ஆனால் மேப்ஸ் காட்டும் வழி தார்ச்சாலையோடு நின்றுவிடுகிறது. மண்பாதை அதில் இல்லை. உள்ளே கைப்பேசி லைனும் கிடைக்காதாம். ஜிபிஎஸ்ஸுக்கு லைன் தேவையில்லை, சரி. ஆனால் இறக்கி வைத்த வரைபடத்தில் செயற்கைக்கோள் படம் வருவதில்லையே!

படத்தோடு ஆஃப்லைனில் ஓடும் செயலி எது? கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுப் படங்களைப் பார்த்துப் பழகியவர்கள் லயன் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க உதவுவீர்களா? அப்புறம், தோட்டத்துக்குள் போக யாரிடம் அனுமதி கேட்பது? அடுத்த மாதம் கோலாலம்பூரிலிருந்து அம்மாவை அழைத்து வருகிறேன்.