ஓடும் சிறுமியின் கணுக்கால்: வரைந்ததா, ஒற்றியெடுத்ததா?

மைக்கூடு:
மாணவர் கண்காட்சியில் இருந்த ஒரு சுவரொட்டியைப் பற்றி, கரித்துண்டு என்ற புனைபெயரில் இங்கே எழுதுபவர் சொன்னதைப் படித்த பிறகு பதில் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தன் தங்கை ஓடுவதைத் தானே புகைப்படம் எடுத்து, அதை அடியிலிருந்து வெளிச்சம் தரும் லைட் பாக்ஸில் வைத்து ட்ரேசிங் தாளில் கோட்டுருவமாக்கி, லினோ என்ற மென்மையான அச்சுத் தகட்டில் செதுக்கி, இரண்டு நிறங்களில் அச்சிட்டிருக்கிறார். "கணுக்காலைப் பார்த்தாலே தெரிகிறது, இது ஒற்றியெடுத்த கோடு, இதற்கு முழு மதிப்பெண் போடுவது வரையக் கற்ற பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்" என்று கரித்துண்டு தீர்ப்பு வழங்கிவிட்டார். கேமராவைத் தரையோடு தரையாக வைத்து அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்தவர் யார்? பின்னால் இருந்த சுவரையும் மரத்தையும் நீக்கிவிட்டு, தாளின் முக்கால் பங்கை வெறுமையாக விடத் துணிந்தவர் யார்? இவை எல்லாம் கண்ணில் படாமல் ஒரு கணுக்கால் மட்டும் படுகிறது என்றால், குறை மாணவியின் கையில் இல்லை.

கரித்துண்டு:
என் கண்ணில் கணுக்கால்தான் படும், ஏனென்றால் பொய் சொல்ல முடியாத இடம் அது. உட்பக்கக் கணு உயரத்திலும் வெளிப்பக்கக் கணு தாழ்ந்தும் இருக்கும் என்பதைத் தன் காலையே உற்றுப் பார்த்து ஒருமுறை வரைந்த பிள்ளை வாழ்நாளில் மறக்காது. ஓடும்போது உடலின் எடை முழுவதும் இறங்கும் இடமும் அதுதான். சுவரொட்டியில் அங்கே என்ன இருக்கிறது? முழங்காலிலிருந்து குதிகால் வரை ஒரே தடிப்பில் வழுக்கிக்கொண்டு போகும் ஒரு கோடு. கால் அசைந்ததால் புகைப்படம் அந்த இடத்தில் மங்கியிருக்கும். மங்கலின் விளிம்பைப் பென்சில் பின்தொடர்ந்திருக்கிறது. உள்ளே எலும்பு இல்லை. எலும்பு இருக்கிறது என்று அறியாத கை வரைந்ததை நான் வரைதல் என்று ஏற்கமாட்டேன்.

லினோக்கத்தி:
கோட்டின் தடிப்பை வைத்து வாதிடுபவர் லினோ எப்படிச் செதுக்கப்படுகிறது என்பதை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். அச்சில் தெரியும் கறுப்புக் கோடு பென்சிலால் போட்டது அன்று. இரு பக்கமும் உளியால் எடுத்த பிறகு நடுவில் எஞ்சி நிற்கும் மேடு அது. அதை மிக மெல்லியதாக விட்டால் செதுக்கும்போதோ அச்சிடும்போதோ பிய்ந்துவிடும் என்பதால், புதிதாகக் கற்பவர் எல்லாக் கோடுகளையும் ஏறக்குறைய ஒரே தடிப்பில் விடுவார். நீங்கள் ட்ரேசிங் தாளின் குற்றமாகச் சொல்வது உண்மையில் உளியின் இயல்பு. தவிர, வரைந்ததை லினோவுக்கு மாற்றுவதற்கு ட்ரேசிங் தாள் எப்படியும் தேவைப்படும். நேரில் பார்த்து வரைந்தவரும் அதைத்தான் கவிழ்த்து வைத்துத் தேய்ப்பார்.

கரித்துண்டு:
வரைந்ததை மாற்றுவதற்குத் தாளைப் பயன்படுத்துவதும், வரையாமலே இருப்பதற்குத் தாளைப் பயன்படுத்துவதும் ஒன்றா? உளியைப் பற்றிய பாடத்துக்கு நன்றி, அந்த உளியை நானும் பிடித்திருக்கிறேன். வலது கணுக்காலில் எலும்பு ஏன் இல்லை என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

லினோக்கத்தி:
அது இடது கால். படத்தை லினோவில் நேராக வரைந்தால் அச்சில் இடம் வலமாக மாறும். நீங்கள் வெளிப்பக்கம் என்று நினைத்துக்கொண்டு தேடிய கணு உட்பக்கத்தது.

கரித்துண்டு:
தாளைக் கவிழ்த்துத் தேய்த்தால் அச்சில் நேராகவே வரும் என்று இப்போதுதான் நீங்களே எழுதினீர்கள். சுவரொட்டியில் எழுத்துகள் எல்லாம் நேராக இருக்கின்றன. ஆகவே தாள் கவிழ்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே அது வலது கால்.

லினோக்கத்தி:
எழுத்துகளுக்குத் தனித் தாள், உருவத்துக்குத் தனித் தாள் என்று இரண்டாகச் செய்வது பள்ளிகளில் வழக்கம்தான். எழுத்து நேராக இருப்பதால் காலும் நேராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கோணல்கோடு:
எந்தக் கால் என்பதை இருவரும் பிறகு முடிவு செய்துகொள்ளலாம். கருவியின் உதவியோடு வரைவது இழிவு என்று சொல்பவர் ஓவிய வரலாற்றையே ஒதுக்கி வைக்க வேண்டியிருக்கும். சட்டத்தில் கட்டிய மெல்லிய துணியின் ஊடாக உருவத்தைப் பார்த்துக் கட்டம் கட்டமாக வரையும் முறையை இத்தாலியக் கலை அறிஞர் ஆல்பெர்ட்டி 1435இலேயே விளக்கியிருக்கிறார். ஜெர்மானிய ஓவியர் ட்யூரர் 1525இல் வெளியிட்ட, அளவீடு பற்றிய நூலில், கண்ணாடித் தட்டின் வழியாக மாதிரியைப் பார்த்து அதன் மேலேயே கோட்டுருவம் எடுக்கும் ஓவியரின் படம் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் நார்மன் ராக்வெல் தம் புகைப்படங்களை புரொஜெக்டரில் பெரிதாக்கித் தாளில் விழவைத்து வரைந்தவர். இவர்கள் அனைவருக்கும் கரித்துண்டு எத்தனை மதிப்பெண் போடுவார்?

கரித்துண்டு:
தாராளமாக முழு மதிப்பெண் போடுவேன், ஏனென்றால் அவர்கள் மூவரும் கருவியைக் கையிலிருந்து பறித்துவிட்டாலும் வரையத் தெரிந்தவர்கள். ட்யூரர் தம் கைகளையும் முகத்தையும் நேரில் பார்த்து வரைந்து பழகியது பதின்மூன்று வயதில். வெள்ளி முனை கொண்ட வெள்ளிக்கோலால் அவர் 1484இல் வரைந்த தன்னுருவம் இன்றும் வியன்னாவில் இருக்கிறது. வெள்ளிக்கோல் கோட்டை எளிதில் அழிக்க முடியாது. பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். கண்ணாடித் தட்டு அவர் கைக்குப் பின்னர்தான் வந்தது. நம் மாணவிக்கு லைட் பாக்ஸ் முதலில் வந்துவிட்டது, அதனால்தான் கணுக்கால் வரவில்லை. பெரியவர்கள் பெயரை அடுக்கி வைத்தால் என் கேள்வி மறைந்துவிடும் என்று கோணல்கோடு எண்ண வேண்டாம்.

மைக்கூடு:
உங்கள் கேள்வி மறைய வேண்டும் என்று யாரும் விரும்பவில்லை, அது ஒன்றே ஒன்றாக இருக்கிறது என்பதுதான் வருத்தம். ஊடக வகுப்பில் நான் சொல்லித்தரும் அனிமேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். படமெடுத்த காட்சியை ஒவ்வொரு படமாக ஒற்றியெடுக்கும் ரோட்டோஸ்கோப் கருவிக்கு அனிமேஷன் கலைஞர் மேக்ஸ் ஃப்ளைஷர் 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமை பெற்றார். இன்றைக்கும் ஒரு மாணவர் நொடிக்கு 12 படம் என்ற கணக்கில் பத்து நொடிக்கு 120 படங்களை ஒற்றியெடுத்தால், உடலின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறுவதை 120 முறை கையால் தொட்டு அறிகிறார். அசையாமல் நிற்கும் மாதிரியை வரைந்தவருக்கு அந்த அறிவு கிடைக்காது.

கரித்துண்டு:
அதே அனிமேஷன் துறையிலிருந்தே பதில் சொல்கிறேன். டிஸ்னி நிறுவனம் 1937இல் வெளியிட்ட முழுநீளப் படத்துக்கு நடிகர்களை வைத்துக் காட்சிகளை எடுத்து வரைகலைஞர்களுக்குக் கொடுத்தார்கள். அப்படியே ஒற்றியெடுத்தால் அசைவு விறைப்பாகிவிடுகிறது என்று கண்டவர்கள் அந்தக் கலைஞர்களே. ஆகவே அதைப் பார்த்து, மிகைப்படுத்தி, தங்கள் கையால் மறுபடி வரைந்தார்கள். 120 முறை தொட்டாலும் தொடுவது விளிம்பைத்தான், எடையை அன்று. கைப்பேசிப் படத்தைக் கலை என்று சென்ற ஆண்டு வாதிட்டபோதும் நீங்கள் இதே போல எண்ணிக்கையைத்தான் முன்வைத்தீர்கள்.

மைக்கூடு:
சென்ற ஆண்டு மாணவர்கள் பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி எடுத்த அந்த ஸ்டாப் மோஷன் படத்தை முழுமையாகப் பார்க்காமலே களிமண் பொம்மை விளையாட்டு என்று எழுதியவர் நீங்கள். அந்த மாணவர்கள் அதைப் படித்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? அதை நான் மறக்கவில்லை.

கரித்துண்டு:
முழுமையாகப் பார்த்தேன். பொம்மையின் பாதங்கள் தரையில் ஊன்றவே இல்லை.

நெகட்டிவ்:
இருவரும் படைப்பு என்ற சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்கிறீர்கள். வரைதிறனுக்கான தேர்வா, வடிவமைப்புக்கான தேர்வா என்பதை முதலில் வரையறுக்காமல் இந்த விவாதம் நகராது. புகைப்படம் யாருடையது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி. லின் கோல்ட்ஸ்மித் எடுத்த புகைப்படத்தை வைத்து அமெரிக்க ஓவியர் ஆன்டி வார்ஹோல் செய்த உருவப்படம் 2016இல் ஒரு பத்திரிகைக்கு உரிமம் கொடுக்கப்பட்டதைப் பற்றிய வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023இல் 7க்கு 2 என்ற கணக்கில் புகைப்படக்காரரின் பக்கம் தீர்ப்பளித்தது. இணையத்தில் கிடைத்த படத்தை எடுத்திருந்தால் நானே எதிர்த்திருப்பேன். இந்த மாணவி தானே எடுத்த படத்தைத்தான் பயன்படுத்தியிருக்கிறார். ஒன்று மட்டும் சொல்கிறேன்: நிழலில் கைப்பேசி, ஒளியை உள்ளே விடும் ஷட்டரைத் தானாகவே மெதுவாக்கிவிடும். நொடியில் முப்பதில் ஒரு பங்கு என்றால் ஓடும் கால் இழுபடும், ஐந்நூறில் ஒரு பங்கு என்றால் உறைந்து நிற்கும். கணுக்கால் மங்கியதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

கரித்துண்டு:
ஆக, கணுக்கால் மங்கியிருந்தது என்பதை நெகட்டிவ் உறுதி செய்துவிட்டார். நான் முதலிலிருந்தே சொல்வதும் அதைத்தான்.

நெகட்டிவ்:
நான் எதையும் உறுதி செய்யவில்லை. வரையறையைக் கேட்டேன்.

மைக்கூடு:
அந்த மாணவியின் ஸ்கெட்ச் புக்கைப் புரட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். புகைப்படம் ஒட்டிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் பாதம் மட்டும் தனியாக, பல நிலைகளில், அழித்து அழித்து வரையப்பட்டிருக்கிறது. குதிகால் தரையை விட்டு எழும்பும் கணத்தை அவர் தேடியிருக்கிறார். அச்சில் இரண்டாம் நிறம் குதிகாலில் நூலளவு விலகி விழுந்திருப்பதைப் பிழை என்று பலர் நினைத்தார்கள். சோதனை அச்சுகளில் அதை நேராகப் பொருத்திவிட்டு, அசைவு செத்துப்போனதாக ஓரத்தில் குறித்துவிட்டு, வேண்டுமென்றே விலக்கியிருக்கிறார். இதைச் செய்த பிள்ளைக்குப் பார்க்கத் தெரியாது என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

கரித்துண்டு:
பல நிலைகளில் வரைந்தவர் அவற்றில் ஒன்றையாவது சுவரொட்டியில் பயன்படுத்தியிருக்க வேண்டும். தன் கை கண்டுபிடித்ததைத் தானே நம்பாமல் லைட் பாக்ஸிடம் போனார் என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. அவருக்கு அந்த நம்பிக்கையைக் கொடுத்திருக்க வேண்டியவர் ஆசிரியர். முழு மதிப்பெண் போட்டு, போனது சரி என்று சொல்லிவிட்டீர்கள். நிறம் விலகியதைப் பற்றி நான் பேசவில்லை, கோணத்தைப் பற்றியும் பேசவில்லை. வலது கணுக்காலில் எலும்பு இல்லை என்பதை இதுவரை ஒருவரும் மறுக்கவில்லை.

லினோக்கத்தி:
இடது கால். எலும்பு அங்கே கோடாக இல்லாமல் இரண்டாம் நிறத்தில் விடப்பட்ட சிறு வெள்ளைப் புள்ளியாக இருக்கிறது. செதுக்கும்போது அந்த இடத்தை உளி முனையால் தனியாக எடுத்திருக்கிறார். நகலைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

கரித்துண்டு:
பார்த்தேன். அது மை ஒட்டாமல் போன இடம்.