வாகரை வேடர் குடும்பங்களின் கச்சானுக்குக் கூட்டுறவு வழியாக நியாய விலை கிடைக்குமா?

கிழக்கூராள், வெள்ளவத்தை

வணக்கம். மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரைப் பிரதேசத்தில் தமிழ் பேசும் வேடர் என்னும் பழங்குடிக் குடும்பங்கள் பல, மழையை நம்பிய சிறு காணிகளில் கச்சானும் (நிலக்கடலை) சோளமும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கின்றன. விதைக்கும் வீட்டுச் செலவுக்கும் முற்பணம் தந்த வியாபாரியிடமே, அவர் சொல்லும் விலைக்கு விளைச்சலை ஒப்படைக்க வேண்டிய நிலையில் அவர்களிற் பலர் இருக்கிறார்கள். கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தால் இது மாறுமா? பெயர்ப்பலகை மட்டும் மிஞ்சிய சங்கங்களை நாம் கண்டிருப்பதால், நடைமுறை அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர், தெகிவளை

மாறும். ஆனால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னர் முற்பணத்தைப் பற்றிப் பேச வேண்டும். விதைப்புக் காலத்தில் கடன் கொடுக்க முடியாத சங்கம், அறுவடைக் காலத்தில் கச்சானைக் கேட்கும் தகுதியையும் பெறாது. அந்தக் கச்சான் ஏற்கெனவே வேறொருவருக்கு உரியதாகிவிட்டிருக்கும். ஆகவே சிக்கனமும் கடனும் முதலில், கொள்வனவு அதன் பின்னர் என்பதே என் உறுதியான கருத்து. கொள்வனவு தொடங்கும்போது, ஒப்படைத்த அன்றே உத்தேச விலையின் பெரும்பகுதியைக் கையிற் கொடுத்து, மீதியை விற்பனைக்குப் பின் அளவுக்கேற்பப் பகிர வேண்டும். அன்றாடச் செலவுக்குப் பணம் தேவைப்படும் குடும்பத்தை ஒரு மாதம் காத்திருக்கச் சொன்னால் அது பழைய வியாபாரியிடமே திரும்பிச் செல்லும். அதைக் குறை கூறவும் முடியாது.

இதற்கு நம்மிடையே முன்னுதாரணம் உண்டு. 1970களில் வடக்கில் சீவல் தொழிலாளர்களுக்காக உருவான பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள், அங்கத்தவர் இறக்கிய கள்ளைத் தாமே வாங்கித் தவறணைகளில் விற்றன. ஒதுக்கப்பட்டிருந்த ஒரு சமூகத்துக்கு நிச்சயமான கொள்வனவாளர் கிடைத்ததே அங்கு பெரிய மாற்றம்.

பதிவைப் பொறுத்தவரை, 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கமக்காரர் அமைப்பாகவும் பதியலாம். எனினும் சேமிப்பையும் கடனையும் கையாள்வதற்குக் கூட்டுறவுச் சங்கப் பதிவே பொருத்தமானது. அதனை மாகாணக் கூட்டுறவுத் திணைக்களம் கவனிக்கிறது.

புறக்கோட்டை மொத்த வியாபாரி

வாங்குபவர் பக்கத்திலிருந்து சொல்கிறேன். கொழும்பில் கச்சான் பொதி செய்பவர்கள் முதலில் பார்ப்பது ஈரப்பதத்தை. சரியாகக் காயாத பருப்பில் பூஞ்சணம் பிடித்து அஃப்லாடொக்சின் என்னும் நச்சு உருவாகும். பருப்பின் ஈரப்பதம் 8 வீதத்துக்கு மேற்படாமல் இருப்பது பாதுகாப்பு. மழை நாளில் பிடுங்கிய கச்சானை நிலத்தில் பரப்பிக் காயவைப்பவருக்கு இது இயலாது. ஒரு குடும்பத்தால் தனியே வாங்க முடியாத ஈரமானி, உயர்த்திய காயவைப்புத் தட்டு, தார்ப்பாய், சல்லடை ஆகியவற்றைச் சங்கம் பொதுவில் வைத்திருந்தால், ஒரே தரமான சரக்கை லொறி நிறைய அனுப்ப முடியும். கோதோடு உள்ள 100 கிலோவிலிருந்து ஏறத்தாழ 70 கிலோ பருப்பு கிடைக்கும். ஊரிலேயே உடைத்துத் தரம் பிரித்தால் கோதுக்கு லொறிக் கூலி கொடுக்கத் தேவையில்லை, அந்த வேலைக்குரிய கூலியும் ஊரிலேயே தங்கும். அறுவடை நெருக்கம் தணியும்வரை சரக்கை வைத்திருக்க ஒரு நல்ல களஞ்சியமும் வேண்டும்.

ஆந்திராவில் பணிபுரிந்தவர், கொட்டாஞ்சேனை

ஆந்திராவின் மலைப்பகுதியான அரக்குப் பள்ளத்தாக்கின் ஆதிவாசிக் கோப்பி விவசாயிகளை எண்ணிப் பாருங்கள். அவர்கள் போன்ற ஆதிவாசிகளுக்காக 1956இலேயே அரசு கிரிஜன் கூட்டுறவுக் கூட்டுத்தாபனத்தை அமைத்திருந்தது. பின்னர் சிறு விவசாயிகள் தமக்கென ஒரு கூட்டுறவை, அரசுப் பங்கு மூலதனம் பெறாத சங்கங்களுக்குத் தன்னாட்சி அளித்த 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடத்தத் தொடங்கினார்கள். பழுத்த பழத்தை மட்டும் பறித்து வரச்செய்து, பதப்படுத்தலைப் பொது நிலையத்தில் மேற்கொண்டதே அதன் பலம். 2017இல் அந்தக் கோப்பிக்குப் பாரிசில் கடை திறக்கப்பட்டது. 2019இல் அரக்கு அரபிக்கா கோப்பிக்கு, அந்த ஊர்ப் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகரைக் கச்சானுக்குப் பாரிஸ் தேவையில்லை, கொழும்பே போதும். ஆனால் நிர்வாகம் அங்கத்தவர் கையில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. நியமனங்களும் தேர்தற்கால வாக்குறுதிகளும் நுழைந்த சங்கத்தில் உற்பத்தியாளர் பார்வையாளராகிவிடுவார்.

கிழக்கூராள், வெள்ளவத்தை

மிக்க நன்றி. அங்கத்துவம் பெரும்பாலும் காணி யார் பெயரில் உள்ளதோ அவருக்கே வழங்கப்படுகிறது. காணி உறுதியே இல்லாதவர்களும் உள்ளனர். இதை எப்படிக் கையாள்வது?

ஓய்வுபெற்ற கூட்டுறவு ஊழியர், தெகிவளை

காணி ஆவணத்தை அங்கத்துவ நிபந்தனையாக ஆக்கவே வேண்டாம். அப்பகுதியில் வசித்துப் பயிர் செய்பவர் என்பதே துணை விதிகளில் தகுதியாக எழுதப்படட்டும். கச்சான் பிடுங்குவதிலும் உடைப்பதிலும் தரம் பிரிப்பதிலும் பெரும்பங்கு பெண்களுடையது என்பதால், கணவனும் மனைவியும் தனித்தனி அங்கத்தவராகி, ஒவ்வொருவர் கணக்கிலும் அவரவர் ஒப்படைத்த நிறை பதியப்பட வேண்டும். முதற்கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். பின்னர் துணை விதிகளைத் திருத்துவது கடினம்.