பன்னிரு சார்புகளில் எதை அறுத்தால் பிறப்பு நிற்கும்?

கூடல்வாசி:
மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பிறவிச் சுழலின் பன்னிரண்டு சார்புகளைச் சொல்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு (மனமும் உடலும்), வாயில் (புலன்கள்), ஊறு (புலன் பொருளைத் தொடுவது), நுகர்வு, வேட்கை, பற்று, பவம் (பிறப்பைத் தரும் வினைத்தொகுதி), தோற்றம் (பிறப்பு), வினைப்பயன் (பிணி, மூப்பு, சாவு). ஒன்று இருந்தால் அடுத்தது வரும், ஒன்று மீண்டால் அடுத்ததும் மீளும் என்பது வரை புரிகிறது. ஆனால் புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளில் துக்கத்துக்குக் காரணம் வேட்கை என்றுதான் இருக்கிறது. இங்கே பேதைமை தலையில் நிற்கிறது. அப்படியானால் முதற்காரணம் எது? ஆன்மா இல்லை என்ற பிறகு பிறப்பிலிருந்து பிறப்புக்குப் போவது எது? நடைமுறையில் ஒருவர் கைவைக்க வேண்டிய இடம் எது? பாலி மொழியிலுள்ள பௌத்த நூல்களோடு ஒப்பிட்டு யாராவது விளக்க முடியுமா?

ஏட்டுச்சுவடி:
அதே காதையில் கொஞ்சம் தள்ளிப் படியுங்கள். பன்னிரண்டையும் நான்கு கண்டங்களாகப் பிரித்திருக்கிறார். பேதைமையும் செய்கையும் முதற்கண்டம். உணர்வு முதல் நுகர்வு வரையிலான ஐந்தும் இரண்டாவது. வேட்கை, பற்று, பவம் மூன்றாவது. பிறப்பும் அதோடு வரும் பிணி, மூப்பு, சாவும் நான்காவது. கண்டங்கள் ஒட்டும் மூன்று இடங்களுக்குச் சந்தி என்று பெயர். 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுர மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கமும் இதே நான்கு தொகுதிகளையும் மூன்று சந்திகளையும் சொல்கிறது.

இன்னொரு பிரிப்பு இதைவிட முக்கியம். பேதைமை, வேட்கை, பற்று மூன்றும் குற்றம். செய்கையும் பவமும் வினை. மற்றவை எல்லாம் பயன். குற்றத்தால் வினை, வினையால் பயன், பயனை நுகரும்போது மறுபடி குற்றம் என்று சுழல்கிறது. ஆகவே பேதைமையா வேட்கையா என்று எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. இரண்டும் ஒரே வகை. சென்ற பிறவியைப் பேசும்போது பேதைமை என்று சொல்லப்படும் இடத்தில் வேட்கையும் பற்றும் சேர்ந்தே இருக்கின்றன. இப்பிறவியில் வேட்கை என்னும் இடத்தில் பேதைமையும் இருக்கிறது.

முதற்காரணம் என்ற சொல்லைப் பாலி நூல்கள் ஏற்கவில்லை. புத்தரின் உரைத்தொகுப்புகளில் ஒன்றான அங்குத்தர நிகாயத்தின் பத்தாம் தொகுதியில், பேதைமைக்கு ஒரு தொடக்கப் புள்ளி தென்படாது, ஆனால் அதற்கு உணவு உண்டு என்று வருகிறது. அந்த உணவு ஐந்து தடைகள்: காமவிருப்பம், பகை, சோர்வும் தூக்கமும், பதற்றமும் மனவுறுத்தலும், ஐயம். அந்தத் தடைகளுக்கு உணவு உடல், சொல், மனம் ஆகிய மூன்றின் தீயொழுக்கம். அதற்கு உணவு புலனடக்கம் இல்லாமை. இன்னும் பின்னால் போனால் விழிப்பான நினைவு இல்லாமை, முறையற்ற சிந்தனை, நம்பிக்கை இல்லாமை, நல்லறம் கேளாமை என்று போய், நல்லோரைச் சேராமையில் நிற்கிறது. பேதைமை எங்கிருந்து வந்தது என்று தேடிப் பயனில்லை. இன்று அதற்குத் தீனி போடுவது எது என்று பார்க்கலாம்.

எது போகிறது என்ற கேள்விக்கு இன்னொரு உரைத்தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தின் 38ஆம் சூத்திரம் நேராகப் பதில் சொல்கிறது. சாதி என்னும் பிக்கு, ‘இதே உணர்வுதான் மாறாமல் ஓடிப் பிறவியெடுக்கிறது’ என்று சொல்லிவந்தார். புத்தர் அவரைக் கடுமையாகக் கண்டித்தார். கண்ணையும் உருவத்தையும் சார்ந்து எழுவது கண்ணுணர்வு, காதையும் ஒலியையும் சார்ந்து எழுவது காதுணர்வு. சார்பு இல்லாமல் உணர்வு எழுவதே இல்லை. பெயர்ந்து செல்லும் ஒரு பொருள் தேவைப்படவில்லை. அங்குத்தர நிகாயத்தில் வினை நிலம், உணர்வு விதை, வேட்கை ஈரம் என்று ஓர் உவமை உண்டு. ஈரம் வற்றிவிட்டால் நிலமும் விதையும் இருந்தும் முளை வராது.

நேரஞ்சரை:
மேலே சொன்னதோடு உடன்பாடுதான். கைவைக்கும் இடத்தைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் இங்கேதான் தவறுகிறார்கள்.

பயன் என்ற வகையில் வருவதை அறுக்க முடியாது. கண் இருக்கிறது, உருவம் எதிர்ப்படுகிறது, ஊறு நிகழ்கிறது, இன்பமோ துன்பமோ இரண்டுமற்றதோ எழுகிறது. அதுவரை வந்தது வந்ததுதான். நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவிலுள்ள இரண்டாம் சந்தியில்தான் புதிதாக ஒன்றைச் செய்யவோ செய்யாமல் விடவோ முடியும்.

இங்கே முதல் தவறு, நுகர்வையே அடக்கப் பார்ப்பது. முழு விடுதலை அடைந்த அருகர்களுக்கும் உடல்வலி உண்டு. புத்தரே முதுகு வலிக்கிறது, நீ பேசு என்று ஆனந்தரிடம் சொல்லிப் படுத்ததாக மஜ்ஜிம நிகாயம் 53 சொல்கிறது. வலியை உணராமல் இருப்பது இலக்கே இல்லை.

இரண்டாவது, வேட்கை என்றால் இன்பத்தை விரும்புவது மட்டும் என்று எண்ணுவது. காம வேட்கை, பவ வேட்கை (இருக்க வேண்டும் என்பது), விபவ வேட்கை (இல்லாமல் போக வேண்டும் என்பது) என்று அது மூன்று. ‘இது தொலைந்தால் போதும், நானே இல்லாமல் போனால் போதும்’ என்பதும் வேட்கைதான். தியானத்தில் உட்கார்ந்து ஆசையை வெறுப்போடு விரட்டுபவர் ஒரு வேட்கையின் இடத்தில் இன்னொன்றை வைக்கிறார். ஆண்டுக்கணக்கில் முயன்றும் இறுக்கம்தான் கூடுகிறது என்றால் பெரும்பாலும் காரணம் இது.

மூன்றாவது, நடுநிலை நுகர்வைக் கவனிக்காமல் விடுவது. மஜ்ஜிம நிகாயம் 44-இல் தம்மதின்னா பிக்குணி விசாகருக்கு விடையளிக்கிறார்: இன்பத்தின் அடியில் ஆசை உறைகிறது, துன்பத்தின் அடியில் எரிச்சல் உறைகிறது, இரண்டுமற்றதன் அடியில் பேதைமை உறைகிறது. ஒரு நாளின் பெரும்பகுதி இந்த மூன்றாவதில்தான் கழிகிறது. உட்காரும்போது வலியையும் சுகத்தையும் மட்டும் குறித்துக்கொண்டு, ஒன்றுமில்லை என்று தோன்றும் நேரத்தை விட்டுவிட்டால் பேதைமை இருந்த இடத்திலேயே இருக்கும். எழுந்தது இன்பம் என்று அறிய வேண்டும், மாறுவதைப் பார்க்க வேண்டும், அது ஓயும்போது மனம் எதன்பின் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றையும் எல்லா வகை நுகர்வுக்கும் செய்ய வேண்டும்.

வேட்கை விளைவிப்பது அடுத்த பிறவியை மட்டும் என்று நினைக்காதீர்கள். திக நிகாயம் 15, மகாநிதான சூத்திரம், ஒரு கிளையைக் காட்டுகிறது: வேட்கையால் தேடல், தேடலால் பேறு, பேற்றால் இது எனக்கு இது உனக்கு என்ற தீர்மானம், பிறகு மோகம், ஒட்டிக்கொள்ளல், உடைமையாக்கல், கருமித்தனம், காவல். காவல் வந்ததும் தடியும் வாளும், சண்டையும் கோளும் பொய்யும். ஒரு சொத்துத் தகராறை இந்தப் படிகளில் வைத்துப் பாருங்கள், ஒரு படிகூட விலகாது. எனக்கு இந்தச் சூத்திரத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கூடல்வாசி:
மிக்க நன்றி, இருவருக்கும். பேதைமையை முதலில் அழித்துவிட்டுத்தான் வேட்கைக்கு வர வேண்டும் என்று நினைத்திருந்தேன். இன்னும் ஒன்று கேட்கிறேன். உடலும் அதன் நுகர்வும் ‘பயன்’ என்றால், எனக்கு வரும் காய்ச்சலும் பிறருக்கு வரும் வறுமையும் முன்வினை என்று ஆகிவிடாதா?

ஏட்டுச்சுவடி:
முதலில் அந்த வரிசை. பிறவியில் கட்டிவைக்கும் பத்துத் தளைகளில் பேதைமை பத்தாவது. அருகநிலையில்தான் முழுதும் அறும். ஓடையில் நுழைந்தவரிடம், அதாவது விடுதலையின் முதற்படியை எட்டியவரிடம், முதலில் அறுவது தன்னுடல்-நான் என்ற காட்சி, ஐயம், சடங்கே உய்விக்கும் என்ற பிடிப்பு ஆகிய மூன்று. அவருக்கு அதிகபட்சம் ஏழு பிறவிகள் மீதம் என்பார்கள்.

அறத்தாறு:
காய்ச்சல் கேள்விக்கு நான் எழுதுகிறேன். இதில் பலரும் பௌத்தத்தின்மேல் இல்லாத கருத்தை ஏற்றுகிறார்கள். சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகர் என்ற துறவி இதையேதான் கேட்கிறார்: நுகர்வது எல்லாம் முன்வினையால் என்கிறார்களே? புத்தர் எட்டுக் காரணங்களை அடுக்குகிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் சேர்ந்தது, பருவமாற்றம், உடலைச் சரியாகப் பேணாமை, தாக்கப்படுதல், எட்டாவதாக வினைப்பயன். எல்லாம் முன்வினையே என்பவர்கள் தாமே அறிவதையும் உலகம் அறிவதையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார்.

அங்குத்தர நிகாயம் இன்னும் கண்டிப்பானது. முன்வினையே எல்லாம் என்றால் கொலைகாரனும் முன்வினையால்தான் கொன்றான் என்றாகும், இது செய்யத்தக்கது இது தகாதது என்ற முயற்சிக்கே இடமிராது என்று அந்தக் கொள்கையை மறுக்கிறது. வினை என்பதே எண்ணம்தான் என்பது புத்தர் தந்த விளக்கம். ஆகவே வறியவரைப் பார்த்து ‘அவர் செய்தது’ என்று கைகட்டி நிற்பதற்கு இங்கே ஆதாரம் கிடையாது.

காய்ச்சல் வந்தால் மருந்துதான். துறவிகளின் ஒழுக்க நூலான விநயத்தின் மகாவக்கத்தில் மருந்துக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்தையும் நோயுற்ற பிக்கு நண்பகலுக்குப் பின்னும் உண்ணலாம், ஏழு நாள் வரை வைத்துக்கொள்ளலாம்.