கத்தரி வேர்களில் முடிச்சுகள்: மண்ணை மீட்க வழி தேவை

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில், எங்கள் வீட்டுக் கொல்லையிலுள்ள 4 மீட்டருக்கு 3 மீட்டர் பாத்தியில் மூன்று ஆண்டுகளாகக் கத்தரி, தக்காளி, வெண்டை ஆகியவற்றையே மாற்றி மாற்றிப் பயிரிட்டு வருகிறேன். சிவந்த மணற்பாங்கான நிலம், நீர் நிற்பதில்லை. செப்டம்பரில் நட்ட செடிகள், காலையில் நீர் விட்டும், டிசம்பர் வெயிலில் நண்பகலில் துவண்டு மாலையில் நிமிர்ந்தன; கீழிலைகள் மஞ்சளாயின, காய்கள் பெருக்கவில்லை. பிடுங்கிப் பார்த்தபோது வேரெங்கும் முடிச்சுகள். அவரை, பயறு வேர்களில் தழைச்சத்தைச் சேர்க்கும் நல்ல முடிச்சுகள் விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். இவையோ வேரே வீங்கித் திரண்டவை, ஆகவே வேருக்குள் புகுந்து அதை வீங்கச் செய்யும் நுண்ணிய நூற்புழு என்றே கருதுகிறேன்.

மட்கிய மாட்டெரு ஆறு தள்ளுவண்டி இட்டேன். சுண்ணாம்பும் தூவினேன்; மண்ணின் புளிப்பு குறைந்ததே தவிர முடிச்சுகள் குறையவில்லை. நூற்புழுவைக் குறைக்கும் செண்டுமல்லியை ஓரத்தில் மட்டும் நட்டது என் தவறாக இருக்கலாம். பாட்டி கறிவேப்பிலை வளர்த்த மண் என்பதால் நஞ்சு ஊற்ற மனம் ஒப்பவில்லை.

இப்போது ஜனவரி, வெயில் இன்னும் இரண்டு மாதம் இருக்கும். ஈரப்படுத்திய பாத்தியை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளால் மூடிச் சூடேற்றுவதா, அல்லது பாத்தி முழுவதும் செண்டுமல்லியை நெருக்கமாக விதைப்பதா, இவ்வகை மணல் நிலத்தில் உங்களுக்குப் பலன் தந்தது எது?